இடது ஓரக் கைத்தட்டு

அக்டோபர் 14, செவ்வாய்.
ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டில் ஸ்பீக்கர் இணைத்தபோது இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாட்டிவிட்டேன். சிறிய தவறு. சத்தம் கெடவில்லை. யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. எனக்கே இன்று வகுப்பில்தான் உறைத்தது. ஆனால் மாமா

அதற்கு மேல் பேனா நகரவில்லை.

அவள் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மாலையில் ஒலிப்பதிவு வகுப்புக்குப் போகிறாள். கடையில் எதிரே உட்காருபவரின் வலது கண் எப்போதும் அவளுடைய இடது கைப்பக்கம்தான் இருக்கும். அதை ஒரு நாளும் அவள் மாற்றி எழுதியதில்லை. அப்படிப்பட்டவள், ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் நின்று கேட்பவரின் நாற்காலியைப் பார்த்தபடி, தன் வலது கைப்பக்கம் இருந்ததுதான் வலது ஸ்பீக்கர் என்று முடிவுகட்டி, வலதுக்கு அடையாளமாகச் சிவப்பு டேப் ஒட்டிய வயரை அதில் செருகியிருக்கிறாள். நாற்காலி காலியாக இருந்ததுதான் வினை. அதில் ஓர் ஆள் இருந்திருந்தால் பழக்க தோஷத்திலாவது சரியாகச் செய்திருப்பாள்.

இன்று மாலை வாத்தியார் கேட்டார்: "மாட்டி முடிச்சதும் முதல் வேலை என்ன? இடது, வலதுன்னு சொல்ற குரலைப் போட்டுப் பாக்கறது. அதைக்கூடப் பண்ணாதவங்க பேசாம மிக்ஸி ரிப்பேருக்குப் போயிடலாம்." வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். பாதியில், அந்தக் குரலைத் தான் போட்டுப் பார்க்காததும் சிவப்பு டேப் போன பக்கமும் நினைவுக்கு வந்தன.

இதில் மாமா எங்கே வந்தார் என்று கேட்டால், அந்தக் குடும்பத்தின் ஒரே புகழைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வருடத்துக்கு முன்னால் பெரியப்பாவும் மாமாவும் ஒரு பிஸ்கட் கம்பெனி அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒலிப்பதிவுக் கூடம். ஒரு நாள் கைதட்ட ஆள் போதவில்லை என்று மாடியிலிருந்து ஆறு பேரை இறக்கினார்கள். அப்படிப் பதிவான ஆல்பம், ஒரே குடைக்குள் நாலு பாடகர்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும் அட்டையுடன் வெளிவந்து, வீட்டுக்கு வீடு பாடியது. அதில் மூன்றாவது பாட்டின் கைத்தட்டலில் இவர்கள் இருவரும் உண்டு. "ஸ்பீக்கர் முன்னால உக்காந்தா இடது ஓரத்துல வர்றது நீங்க, வலது ஓரத்துல வர்றது நீங்க" என்று அங்கிருந்த இன்ஜினியரே முதலில் பெரியப்பாவையும் பிறகு மாமாவையும் கைகாட்டிச் சொன்னாராம். அந்தப் பழக்கத்தில்தான் பெரியப்பா மாமாவின் அக்காவைக் கட்டினார். அன்றிலிருந்து அத்தானும் மச்சானும் யார் தட்டு கனமாக விழுந்தது என்று மல்லுக்கு நிற்கிறார்கள். கேசட்டில் அந்தக் கைத்தட்டல் மொத்தமும் மழை இரைச்சல் போல ஒரே கூழாக இருந்ததால் வழக்கு முடியவே இல்லை.

அந்த வழக்கை முடிக்கத்தான் பெரியப்பா ஓய்வுபெற்ற கையோடு ஒவ்வொரு சத்தத்தையும் பிரித்துக் காட்டும் ஹை-ரெசல்யூஷன் கருவிகளாக வாங்கிக் குவித்தார். "நம்ம வீட்டு சவுண்டு இன்ஜினியர் மாட்டட்டும்" என்று அவளைக் கூப்பிட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிறன்று கேட்பதற்கு முன்னால் ஏற்பாடுகள் பலமாக நடந்தன. ஃபிரிஜ்ஜை அணைத்தார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் குளியலறையில் வைத்தார்கள். பெரியம்மாவின் வளையல்கள்கூடக் கழன்றன. வேர்வை வழிய எட்டுப் பேர் மூச்சை அடக்கி உட்கார்ந்தார்கள்.

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். "இப்பதான் எல்லாம் அது அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. பாடுறவன் எச்சில் முழுங்குறது கேக்குதா?"

"அதைக் கேக்கவா ஃபிரிஜ்ஜை அணைச்சீங்க? பால் திரியப் போகுது" என்றாள் பெரியம்மா. எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார், வழக்கம்போல எல்லாரும் சிரித்து முடித்த பிறகு.

மூன்றாவது பாட்டு வந்தது. கூழாக இருந்த கைத்தட்டல் ஆறு பேராகப் பிரிந்து நின்றது. ஐந்து தட்டுகள் ஒன்றாக விழுந்தன. ஆறாவது மட்டும், வலது ஓரத்திலிருந்து, ஓர் இமைப்பொழுது கழித்து, 'டப்' என்று தனியாக வந்தது. ஒவ்வொரு முறையும்.

"யாருப்பா அது, பஸ்ஸை விட்டுட்டுப் பின்னாலயே ஓடி வர்றது?" என்றார் பெரியப்பா.

எல்லாருடைய கண்களும் மாமாவின் கைகளுக்குப் போயின. மாமா கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"அத்தான், நான் அப்படித் தட்டல."

"நானா சொல்றேன் மச்சான்? மெஷின் சொல்லுது."

மாமா காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அன்று மாலைக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயர் 'லேட் மாமா' ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறு பழைய பிஸ்கட் கம்பெனி ஆட்களையெல்லாம் கூப்பிட்டு மறுபடி போடப்போவதாகப் பெரியப்பா அறிவித்தார். தனக்கு அன்றைக்கு வயிற்றுவலி வரும் என்று மாமா முன்கூட்டியே பதில் போட்டார்.

வயர் மாறியிருக்கிறது என்றால் தாமதத் தட்டு இடது ஓரத்தது. இடது ஓரம் பெரியப்பா. யாருக்கும் தெரியாமல் மாற்றி மாட்டினால் பழைய நண்பர்கள் முன்னிலையில் பெரியப்பாவின் மூக்கு உடையும். மாற்றாமல் விட்டால், செய்யாத குற்றத்தை மாமா ஆயுசுக்கும் சுமக்க வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று புதன்கிழமை முடிவு செய்தாள். தான் நினைப்பதே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று வியாழக்கிழமை அதைக் கைவிட்டாள். வெள்ளிக்கிழமை வீட்டு ரேடியோவுக்குப் பின்னால் நின்று இடது கையையும் வலது கையையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்ததில், "இது என்ன உடற்பயிற்சி?" என்று அம்மா கேட்டதுதான் மிச்சம்.

சனிக்கிழமை மாமாவே கடைக்கு வந்துவிட்டார். கண்ணாடியின் திருகு லூஸ் என்றார். திருகு நன்றாகத்தான் இருந்தது.

"ஏம்மா, ஒருத்தருக்குக் கை மட்டும் லேட்டா வேலை செய்யுமா? உங்க கிளாஸ்ல அதப்பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல மாமா..."

"போன்ல தாளம் பாக்க டிக் டிக்குனு ஒண்ணு இருக்கே, அதை வெச்சு ஒரு வாரமா தட்டிப் பாக்கறேன். சரியாத்தான் விழுது. கீழ்வீட்டுக்காரர் மேல வந்து, யாருக்குப் பிறந்தநாள்னு கேட்டுட்டுப் போறார். எதுக்கும் திங்கட்கிழமை நரம்பு டாக்டரைப் பாத்துரலாம்னு இருக்கேன்."

அவள் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துக் கொடுத்தாள். மாலையில் வகுப்புக்குப் போகாமல் நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனாள்.

"பெரியப்பா, ஒரு தப்பு நடந்துபோச்சு. ஸ்பீக்கர்ல இடதும் வலதும் மாறியிருக்கு. நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

"சேச்சே. மாறியிருந்தா என் காது சொல்லியிருக்காதா?"

அவள் வயரை மாற்றி மாட்டி, பாட்டைப் போட்டாள். ஐந்து ஒன்றாக விழுந்தன. 'டப்' இடது ஓரத்திலிருந்து வந்தது.

சமையலறை வாசலில் பெரியம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "இவரேதான். எனக்குச் சந்தேகமே இல்ல. நான் ஒரு ஜோக் சொல்லி இவர் சிரிக்கறதுக்குள்ள பாத்திரமே கழுவி முடிச்சிடலாம்."

பெரியப்பாவின் காது மடல்கள் சிவந்தன. இன்னொரு தடவை போடச் சொன்னார். அதன்பின் இன்னொரு தடவை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "வயரைப் பழையபடியே மாட்டிடு. அவன் தாங்கிப்பான்."

"மாட்டேன் பெரியப்பா." குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது. ஆனால் கை வயரை விடவில்லை. "மாமா திங்கட்கிழமை டாக்டர்கிட்ட கையைக் காட்டப் போறார்."

பெரியப்பா வெகுநேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மறுபடி போடு" என்றார்.

இந்த முறை கேட்கக் கேட்க அவருடைய புருவம் மேலே ஏறியது. தலை ஆடத் தொடங்கியது.

"கவனிச்சியா? மத்த அஞ்சு பேரும் கூலிக்குத் தட்டுறான். இந்த ஒருத்தன் மட்டும்தான் பாட்டைக் காதுல வாங்கி, ரசிச்சு, அப்புறமா தட்டுறான். இதனாலதான் பாட்டுக்கே உயிர் வந்திருக்கு. இப்ப ஞாபகம் வருது, நான் வேணும்னேதான் அப்படித் தட்டினேன்."

"வேணும்னே" என்றாள் பெரியம்மா. கரண்டி உள்ளே போய்விட்டது.

அவர் உடனே மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "மச்சான், உன் மேல ஒரு தப்பும் இல்ல. வயர் மாறியிருந்துச்சு. நீ கரெக்டாதான் தட்டியிருக்க. அதான் யாருக்கும் கேக்கல. தனியா கேக்குதே, அது நான்!"

மறுமுனையில் மாமா நிம்மதிப் பெருமூச்சு விடுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"இருங்க அத்தான். ஒரு வாரமா அது நான்தான்னு ஊர் பூரா சொன்னது யாரு?"

"அது வயர் செஞ்ச வேலை."

"இப்ப மட்டும் வயர் சரியா இருக்குன்னு யாரு சொன்னா? நாளைக்கு நான் வர்றேன். என் காதால கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்."

அக்டோபர் 18, சனி.
தவறைச் சொல்லிவிட்டேன். ஒருவர் தலையிலிருந்து பழியை இறக்கப்போய், அது எனக்குத்தான் என்று இரண்டு பேர் சண்டை போடும்படி ஆகிவிட்டது. நான் செய்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. மாமா இனி டாக்டரிடம் போகப்போவதில்லை. வயிற்றுவலியும் வராதாம்.
நாளை: விருந்தாளிகளுக்கு முன்னதாகவே பெரியப்பா வீட்டுக்குப் போக வேண்டும். நாற்காலியில் ஓர் ஆளை உட்காரவைத்து, இடது வலது குரலைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். பெரியம்மா உட்கார்ந்தால் நல்லது.