பிரசாதம் தீனியில் சேராது

போன் சொன்னபடி ஆடுகிறவர்களைக் கண்டாலே லிங்கத்துக்கு ஆகாது. வீட்டிலேயே ஒருத்தி அப்படி ஆகிப்போனாள். மகள் உலகம்மை ஒரு வாரமாக அந்த ஆஸ்பத்திரி ஆப்புக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று அது கேட்கும், இவள் அமுக்குவாள். ஐந்து வயசுப் பேத்தி ஆர்ஷாவுக்கு இதயத்தில் ஓட்டை. அடைப்பதற்கு இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள், இரண்டு தடவையும் காய்ச்சல் வந்து தள்ளிப்போயிற்று. இது மூன்றாவது.

"ராத்திரி பன்னண்டுக்கு மேல புள்ளைக்குத் திங்க ஒண்ணும் குடுக்கக் கூடாதாம்ப்பா" என்று முந்தின நாள் வாசித்துக் காட்டினாள்.

"அது பெத்துதா, நீ பெத்தியாட்டி?"

"நான்தான் பெத்தேன். அதான் சொல்லுதேன்."

காலையில் வலியசாலை வீட்டிலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தச் சொன்னவர் லிங்கம்தான். முப்பது வருசக் கொத்தனார். கணபதிக்குத் தேங்காய் உடைக்காமல் ஒரு கக்கூசுக்குக்கூட அஸ்திவார வாணம் தோண்டியதில்லை. பேத்தியின் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள், சும்மா போக முடியுமா? உலகம்மை தேங்காயோடு வரிசையில் நின்றாள். இவர் இடுப்பிலிருந்த பிள்ளை பசியில் முனங்கியது. பிரசாதக் கடையில் பணியாரம் மாதிரி ஓர் உண்ணியப்பம் வாங்கிப் பிட்டுப் பிட்டு ஊட்டினார். முழுசையும் தின்றுவிட்டு விரலையும் சப்பியது.

பிரசாதம் தீனியில் சேராது. விரதக்காரனே வாயில் போடுகிறான். ஆனாலும் உலகம்மை திரும்பி வருவதற்குள் பிள்ளையின் உதட்டை வேட்டி முனையால் துடைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஆப் கேட்டது: கடைசியாக எப்போது சாப்பிட்டது? ராத்திரி ஒன்பது என்று அமுக்கினாள் உலகம்மை. லிங்கம் பக்கத்தில்தான் நின்றார்.

எட்டரைக்குப் பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். உலகம்மையைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள்.

"பிடிங்கப்பா. ஆனை நகந்தா எனக்கு ஒரு குரல் குடுங்க."

போனில் ஒரு யானைக்குட்டி நின்றது. அதற்கு முன்னால் வரிசையாக நான்கு வீடு. இரண்டாவது வீட்டில் பிள்ளையைத் தயார் செய்வார்கள், மூன்றாவதில் மயக்கம் கொடுப்பார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். யானை இரண்டாவதில் நின்றது. எழுத்தெல்லாம் மலையாளம். அவருக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான்.

பெருவிரல் எங்கேயோ பட்டு ஒரு படம் ஓடத் தொடங்கியது. கரடிக்குட்டி ஒன்று பணியாரம் தின்கிறது. மூக்கில் மூடி வைக்கிறார்கள், தூங்குகிறது. வயிற்றிலிருந்த பணியாரம் மெதுவாகத் தொண்டைக்கு ஏறி, மூச்சுக்குழலுக்குள் விழுகிறது. கரடி நீலம் பாய்கிறது. முடிந்ததும் படம் திரும்பவும் முதலிலிருந்து ஓடியது. அதில் ஒரு எழுத்துகூட இல்லை. அதனால் லிங்கத்துக்கு எல்லாம் விளங்கியது.

யானை மூன்றாவது வீட்டுக்கு நடந்தது.

அவர் போனைக் கண்ட இடத்திலெல்லாம் அமுக்கினார். இவ்வளவு கேள்வி கேட்ட சனியனில், நாம் ஒன்று சொல்ல இடம் எங்கே? கரடிதான் திரும்பத் திரும்பத் தின்றது. கதவண்டை ஓடினார். வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தான்.

"உள்ள விடான் பற்றில்ல அப்பூப்பா. எல்லாம் ஆப்பில வரும், நோக்கிக்கோ."

உலகம்மை கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த கவுண்டருக்கு ஓடினார்.

"ஏட்டி, அப்பம் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

அவர் மூடிய கதவைக் கைகாட்டினார். உலகம்மையின் கையிலிருந்த பேனா நின்றது.

"எப்போ?"

"காலைல. கோயில்ல வச்சு. பிரசாதம்தானேன்னு..."

"ஒம்பது மணின்னு நான் அமுக்கும்போது பக்கத்துலதானப்பா நின்னீங்க?"

போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நர்ஸ் ஸ்மிதாவை எதிரில் பிடித்து அழுகையும் மலையாளமுமாகச் சொன்னாள். ஸ்மிதா லிங்கத்திடம் திரும்பினாள்.

"எத்தனை அப்பம், அப்பூப்பா?"

"ஒண்ணு. சின்னது."

"முழுசுமா?"

"முழுசும்."

ஸ்மிதா ஓட்டமாக உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

யானை மூன்றாவது வீட்டிலேயே நின்றது. போன் அடித்தது. மஸ்கட்டில் ஓட்டல் வேலையிலிருக்கும் மருமகன் செல்வகணேஷ். அவன் போனிலும் இந்த யானைதான். உலகம்மை போனை அப்பனிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க."

லிங்கம் கையை நீட்டவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்மிதா வந்தாள். "மூக்குல மூடி வைக்கப் போன சமயத்துலதான் போய்ச் சொன்னேன். குட்டிக்கு ஒண்ணும் ஆகல்ல. ஆனா இன்னைக்கு ஆப்பரேஷன் இல்ல. லிஸ்ட் நிறைய ஆள். அடுத்த தேதி ஆப்பில வரும்."

"எப்போ சிஸ்டர்?"

"ரெண்டு மாசம் ஆகும்."

"அப்போ மழையா இருக்குமே. மழையில இவளுக்குத் திரும்பக் காய்ச்சல்..." உலகம்மை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். லிங்கம் தொடப் போனார். அவள் தோளை இழுத்துக்கொண்டாள்.

பிள்ளையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். பச்சைத் தொப்பிக்குள் முகம் சிரித்தது.

"தாத்தா! வேதனையே இல்ல. எல்லாம் முடிஞ்சிட்டு."

லிங்கம் தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டையை அடைச்சாச்சு, இல்லியா தாத்தா?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் போனில் குனிந்துகொண்டாள். பிள்ளை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.