நெஞ்சுக் காற்றுக்கு ஒரு ஸ்வெட்டர்

கடிகாரம் பழுதுபார்ப்பவரின் நெஞ்சிலிருந்து காற்று வீசத் தொடங்கியது ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு; நேரத்தை அவரே குறித்து வைத்திருந்தார். கடையின் சன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறி ஓடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரின் தலைமுடி திடீரென்று பின்னால் பறந்தது. மேசைமேல் பிரித்துவைத்திருந்த கைக்கடிகாரத்தின் திருகாணிகள் ஏழும் பறந்துபோயின. ஐந்துதான் திரும்பக் கிடைத்தன. மருத்துவர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். அவருக்கு இருமல் இல்லை.

காற்று ஓயவில்லை. வீட்டில் அவர் போகிற பக்கமெல்லாம் திரைச்சீலைகள் அடித்துக்கொண்டன, நாள்காட்டி கிழிந்து கிழிந்து ஒரே வாரத்தில் டிசம்பர் வந்துவிட்டது. அவராலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். இரண்டு மாதத்தில் மகள் பிறந்தாள். முதல் தடவை கையில் வாங்கியதுமே குழந்தைக்கு மூச்சுத் திணறி முகம் நீலம் பாரித்தது. மனைவி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் மகளை நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் பார்த்தார்.

மனைவி கணக்கு டீச்சர். பிள்ளைப்பேற்று விடுப்பில் ஊசியை எடுத்தவள், காற்றை அடைக்க அவருக்கு ஒரு ஸ்வெட்டரை, அவரைப்போலவே நடந்துகொண்டே பின்னினாள். முதலில் அக்ரிலிக் நூல். போட்ட அன்றே, அவர் தொட்ட கதவுப்பிடியிலெல்லாம் பொறி பறந்தது. பிரித்தாள். அடுத்தது பருத்தி. காற்று கண்ணிகளின் வழியே சர்வசாதாரணமாக வெளியே வந்தது. ஸ்வெட்டரோ தன் கனத்திலேயே இழுபட்டு முழங்காலைத் தொட்டது. அதையும் பிரித்தாள். குழந்தைக்கு அதற்குள் ஐந்து மாதம்.

நூல்கடை நடத்திய பெண்ணை எல்லோரும் முடிச்சக்கா என்றார்கள்.

"எத்தனை தடவைதான் பிரிப்பே? யாருக்கு இது?"

"எங்க வீட்டுக்காரருக்குக்கா. உள்ளேயிருந்து காத்து வெளிய வரக்கூடாது."

அக்கா இதைவிட விசித்திரமான தேவைகளையெல்லாம் கேட்டவள். "அப்போ செம்மறிக் கம்பளிதான். ரெண்டு மடங்கு பெருசாப் பின்னி, கொதிக்கிற தண்ணியில போட்டு நல்லாக் கசக்கு. சுருங்கி ஓட்டையெல்லாம் அடைஞ்சுடும்."

"குழந்தைக்கு அரிக்குமே?"

"அவ கன்னம் படற இடத்துல மட்டும் பருத்தியை வெச்சுத் தையேன். முழு ஆளையுமா கன்னத்துல வெச்சுக்கப் போறா?"

டீச்சர் சுருக்கத்துக்குக் கணக்குப் போட்டு, பின்னி, கைத்தோல் உரியக் கசக்கினாள். அவர் அதை மாட்டிக்கொண்டதும் மார்பு தலையணைபோல உப்பியது. திரைச்சீலைகள் தொங்கின. பழக்கமில்லாத அமைதியில் இருவருக்கும் காது அடைத்தது.

"கையை நீட்டுங்க."

"வேண்டாம். மறுபடி ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் பக்கத்துலதானே நிக்கறேன். பிடிங்க."

குழந்தை அந்த உப்பலில் கன்னம் வைத்து, இரண்டு தடவை முனகிவிட்டுத் தூங்கிப்போனது. அவர் அசையாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். டீச்சர் மகளின் மூச்சை எண்ணிக்கொண்டே நின்றாள். ஆயிரத்துக்கு மேல் எண்ணவில்லை, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அழுதாள்.

எட்டு வருடங்கள் ஆகிவிட்டன. காற்று இன்னும் வீசுகிறது. துணி காயாத நாட்களில் பக்கத்து வீட்டார் கூப்பிட்டால், ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு மொட்டைமாடிக் கொடிகளுக்கு நடுவே நின்றுகொடுக்கிறார். சட்டைக்கு ஐந்து நிமிடம், போர்வைக்கு இருபது. மழைக்காலத்தில் மட்டும் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும்.