சட்டைப்பையில் இருந்த ரப்பர் வளையம்

பட்டறையில் அவனுக்கு மின்னல் என்று பெயர். அரை நாள் வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துத் தள்ளுவான். அந்தப் பெயரில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை. வினையே அதுதான்.

அன்று காலை அக்கா புருஷனின் ஜீப்புக்கு வயர்லெஸ் பொருத்தினான். மலைப்பாதையில் போன் எடுக்காது. அங்கே ஓடும் வண்டிகளெல்லாம் வயர்லெஸ்ஸில்தான் பேசிக்கொள்ளும். ஒருவர் வாயைத் திறந்தால் அத்தனை பேர் காதிலும் விழும். பேட்டரியிலிருந்து சிவப்பு வயரை இழுத்தான், இன்ஜினுக்குப் பின்னாலிருக்கும் இரும்புத் தகட்டில் ஓட்டை போட்டு உள்ளே நுழைத்தான், செட்டை மாட்டினான், பேசிப் பார்த்தான். ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. அக்காவும் மாமாவும் ஏறிக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

கையைத் துடைத்துவிட்டுப் பேனாவுக்காகச் சட்டைப்பையைத் துழாவினான். ரப்பர் வளையம் வந்தது.

ஓட்டையில் மாட்ட வேண்டிய வளையம். தொலைந்துவிடக் கூடாதே என்று அவனே பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டது. தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வண்டி குலுங்கக் குலுங்க வயரின் தோல் அறுந்து இரும்பைத் தொட்டால், அவ்வளவுதான், பற்றிக்கொள்ளும். கரண்டை வெட்டிவிட வேண்டிய ஃபியூஸோ செட்டுப் பக்கம் இருக்கிறது. தகட்டில் நெருப்புப் பிடித்தால் அது வேடிக்கைதான் பார்க்கும்.

அவனுக்கு இது புதிதல்ல என்பதுதான் கொடுமை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வாடகை ஜீப் இப்படித்தான் எரிந்தது. ஓட்டுநர் குதித்துத் தப்பித்தார். அந்த வயரை இழுத்தது யார் என்று முதலாளி கேட்டபோது, இவன் கண்ணிமைக்காமல் கூட்டாளியைக் கை காட்டினான். கூட்டாளிக்குப் பட்டறையில் ஆமை என்று பெயர். ஒரு ஸ்க்ரூவை மூன்று தரம் தொட்டுப் பார்க்கிற ஆள். ஆமை இவனை ஒரு பார்வை பார்த்தார், தன் ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அதே மலைப்பாதையில் கல் லாரி ஓட்டுகிறார். அவர் லாரியிலும் வயர்லெஸ் உண்டு.

மின்னல் பட்டறையில் இருக்கும் வயர்லெஸ் செட்டை எடுத்தான். அந்த நேரத்திலும் பாருங்கள், நாக்கு பொய்யைத்தான் தேடியது. ஸ்பேனரை ஜீப்பில் விட்டுவிட்டேன், கொஞ்சம் திரும்பி வாருங்கள் என்றான்.

மாமா சிரித்தார். “சாயங்காலம் தர்றேன்டா. தலை போற காரியமா என்ன?”

பின்னால் அக்காவும் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பில் அவன் செத்தே போனான்.

“தலை போற காரியம்தான் மாமா. ஓட்டையில ரப்பர் போட மறந்துட்டேன். வண்டிய நிறுத்தி, ரெண்டு பேரும் இறங்குங்க. பேட்டரி வயரைக் கழட்டி விட்டுடுங்க.”

சிரிப்பு நின்றது. மலை முழுக்கக் கேட்டிருக்கும், கேட்கட்டும். அப்போது இன்னொரு குரல் குறுக்கே வந்தது. நிதானமான, அவனுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

“நான் பின்னாடிதான் வந்துட்டிருக்கேன். எங்கிட்ட ரப்பர் இருக்கு, போட்டு விட்டுடறேன்.”

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. மின்னல் மறுபடியும் பேசும் பொத்தானை அழுத்தினான். முதலாளி வாசலில் வந்து நிற்பது தெரிந்தும் அழுத்தினான்.

“அன்னைக்கு எரிஞ்சுதே, அந்த ஜீப்புக்கும் ரப்பர் போடாதது நான்தான். இந்த அண்ணன் மேல பழியைப் போட்டேன்.”

செட்டு வெறுமனே இரைந்தது. பிறகு ஆமையின் குரல் வந்தது.

“அதை நான் மூணு மாசமா வாய்க்குள்ளயே வச்சிருந்தேன். சரி, வளையம் என்ன சைஸுன்னு சொல்லு.”

மின்னல் கையிலிருந்த வளையத்தைப் பார்த்தான். கண் கலங்கியதில் அதன் மேலிருந்த எண் தெரியவில்லை.