பக்கத்து வகுப்பின் கைதட்டல்

பெரியவளுக்குப் பலூன் என்றாலே ஆகாது. பிறந்தநாள் வீடுகளில்கூடப் பலூன் கட்டிய பக்கம் உட்கார மாட்டாள். கேட்டால் தலைவலி என்பாள். தலைவலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வயிற்றெரிச்சல். அதுவும் நேற்று வந்தது இல்லை, ஐந்து வருஷமாகக் கனிந்துகொண்டிருப்பது.

விஷயம் இதுதான். பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். இருவரும் ஒரே அரசுப் பள்ளியில் டீச்சர்கள். பெரியவளுக்கு நாலாம் வகுப்பு, சின்னவளுக்கு ஐந்தாம் வகுப்பு, நடுவில் ஒரு சுவர். ஐந்தாம் வகுப்பு டீச்சர் வேலை காலியாக இருக்கிறது என்று வீட்டில் வந்து சொன்னதே பெரியவள்தான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று அவள் நினைக்காத நாள் இல்லை.

அந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்காக ஒரு கல்வி மன்றம் உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், டயர் வியாபாரி, ஓய்வுபெற்ற நர்ஸம்மா என்று ஊர்க்காரர்களாகச் சேர்ந்து நடத்துவது. பாடப்புத்தகத்துக்கு வெளியே பிள்ளைகளுக்கு எதையாவது செய்துகாட்ட நினைக்கிற டீச்சர்கள் திட்டம் எழுதிப் போடலாம். பிடித்திருந்தால் மானியம் கொடுப்பார்கள், பள்ளிக்கு ஒருவருக்குத்தான். யாருக்கு என்று முன்கூட்டி மூச்சுவிட மாட்டார்கள். ஒருநாள் காலையில் பாடம் நடக்கும்போதே பலூன்களும் கதவகல அட்டைச் செக்குமாக வகுப்புக்குள் நுழைந்துவிடுவார்கள். அப்போது பக்கத்து வகுப்பு டீச்சர் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து கைதட்ட வேண்டும். அது வழக்கம்.

ஐந்து வருஷமும் பெரியவள் பக்கத்து வகுப்பு.

முதல் வருஷம் மானியத்தில் சின்னவள் வாங்கியது முட்டை பொரிக்கும் பெட்டி. கோழிக்குஞ்சு பார்க்கப் பள்ளிக்கூடமே திரண்டது. அப்புறம் உள்ளே படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்க்கிற கூடாரம். அப்புறம் மண்ணே இல்லாமல் கீரை வளர்க்கிற குழாய். இப்படியே போனது. ஒவ்வொரு தடவையும் பலூன் கூட்டம் நாலாம் வகுப்பைத் தாண்டித்தான் ஐந்தாம் வகுப்புக்குப் போக வேண்டும். காலடிச் சத்தம் கிட்டே வரும்போதே அது எங்கே போகிறது என்று பெரியவளுக்குத் தெரிந்துவிடும். தாண்டிப் போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்க பிள்ளைங்களா, பக்கத்து வகுப்பு டீச்சருக்குக் கைதட்டலாம்" என்பாள். பின்னால் நின்றால் பொறாமை என்று நாலு பேர் பேசுவார்களே என்று முதல் ஆளாக நின்று தட்டுவாள். வெளியே சிரிப்பு, உள்ளே புகைச்சல்.

அவளுக்கு வேண்டியது மானியம்கூட இல்லை, உண்மையைச் சொல்வதற்கென்ன. ஒரே ஒரு தடவை அந்தக் கூட்டம் தன் வகுப்புக்குள் வர வேண்டும். சின்னவள் வாசலில் நின்று கைதட்ட வேண்டும். அப்போது அவள் முகத்தில் ஈயாடக் கூடாது. அதைக் கண்ணாரப் பார்த்துவிட்டால் போதும், பிறகு கோழி பொரித்தாலும் சரி, யானை பொரித்தாலும் சரி.

எழுதிப் போட அதுவரை அவளுக்கு ஒரு யோசனையும் வந்ததில்லை, இந்த வருஷம்தான் அதற்கு வழி பிறந்தது. நாலாம் வகுப்புச் சுவர்க் கடிகாரம் ஆணியோடு பெயர்ந்து விழுந்து உடைந்தது. குப்பையில் போடலாம் என்று மேஜையில் வைத்தாள். திரும்பிப் பார்த்தால் வகுப்பு மொத்தமும் மேஜையைச் சுற்றி நிற்கிறது, ஒரு சத்தம் இல்லை. எந்தச் சக்கரம் எதைச் சுற்றுகிறது என்று குனிந்து பார்க்கிறார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியும் அவள் கண்டறியாத அமைதி அது. அங்கேயே திட்டம் தோன்றிவிட்டது. உடைந்த மின்விசிறி, ரேடியோ, தையல் மெஷின் எல்லாம் வாங்கிப்போட்டு, ஆளுக்கொரு திருப்புளி கொடுத்து, கழற்றிப் பார்க்க ஒரு மேஜை.

மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, காருக்குள் உட்கார்ந்தபடியே கமுக்கமாக எழுதி அனுப்பினாள். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் தம்பியிடம் உளறுவார், தம்பி பெண்டாட்டியிடம் உளறுவான்.

அந்த வாரக் கடைசியில் சின்னவள் சாப்பிட வந்தவள் கேட்டாள். "அக்கா, இந்த வருஷமாவது நீங்க எழுதிப் போடுங்களேன். நான் வேணா பாத்துத் திருத்தித் தரேன்."

திருத்தித் தருகிறாளாம். பெரியவளுக்கு வாயில் இருந்த சோறு கசந்தது. "எனக்கெதுக்கும்மா அதெல்லாம்? ஒழுங்கா வகுத்தல் கணக்குச் சொல்லிக்குடுத்தாப் போதாதா?" என்று சிரித்து வைத்தாள்.

பலூன் கூட்டம் வந்த அன்று வகுத்தல் கணக்குதான் நடந்துகொண்டிருந்தது. காலடிச் சத்தம் வந்தது. கிட்டே வந்தது. தாண்டிப் போகவில்லை.

கதவு திறந்தது. டயர் வியாபாரி அட்டைச் செக்கைக் குறுக்கே திருப்பி உள்ளே கொண்டுவரப் படாதபாடு பட்டார். பிள்ளைகள் பெஞ்சில் ஏறிக் குதித்தார்கள். நர்ஸம்மா பலூன் கயிறுகளை அவள் கையில் திணித்து, "உடைஞ்ச கடிகாரத்த வச்சு எங்க எல்லாரையும் கவுத்துட்டீங்களே" என்றார். பெரியவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அவள் கண் வாசலிலேயே இருந்தது.

சின்னவள் வந்தாள். பெரியவள் அந்த முகத்தைக் கள்ள நோட்டா என்று கடைக்காரர் பார்ப்பதுபோல் பார்த்தாள். உதட்டைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், கைதட்டும்போது விரல்கள் சோர்கின்றனவா என்றுகூடப் பார்த்தாள். எங்கேயும் ஒன்றும் இல்லை. சின்னவளுக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் அது சந்தோஷத்தில். பலூனோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டு, "அக்கா, சொல்லவே இல்ல பாத்தீங்களா" என்றாள்.

நடிக்கிறாள் என்று பெரியவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வரட்டும், சாயம் வெளுக்கும்.

சாயங்காலம் சின்னவள் கேக்கோடு வந்தாள். பலூன் கூட்டம் வந்த கதையைக் கூடத்தில் எல்லோருக்கும் நடித்தே காட்டினாள், டயர் வியாபாரி கதவில் சிக்கியது உட்பட. பெரியவளே சொல்லியிருந்தால் இத்தனை நன்றாக வந்திருக்காது. அது வேறு எரிந்தது.

சாப்பிட்ட தட்டுகளைக் கழுவ இருவரும் சமையலறைக்கு வந்ததும் பெரியவள் ஆரம்பித்தாள்.

"நீயும் போட்டிருந்தேதானே?"

"போட்டிருந்தேன்க்கா."

"வரலையேன்னு வருத்தமா இல்லையா?"

"வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். அதான் உங்களுக்கு வந்துடுச்சே."

"கொஞ்சம்கூடப் பொறாமையா இல்லையா?"

சின்னவள் சிரித்துவிட்டாள். "பொறாமையா? உங்க மேலயா? போங்கக்கா."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. வாங்கினபோதும் இவள்தான் ஒரு படி மேலே, வாங்காதபோதும் இவள்தான் மேலே. தான் ஐந்து வருஷம் வெந்ததில் ஒரு நிமிஷம்கூட இவள் வேகவில்லை. அந்த ஆத்திரத்தில் வாய் முந்திக்கொண்டது.

"நான் பட்டேன்."

"என்னக்கா பட்டீங்க?"

"பொறாமை. அஞ்சு வருஷமும். உன் வகுப்பு வாசல்ல நின்னப்பல்லாம் வயிறு எரிஞ்சுக்கிட்டேதான் கைதட்டினேன்."

சின்னவளின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்றது. "முதல் ஆளா நின்னு தட்டுவீங்களேக்கா."

"ஊர் பேசக் கூடாதேன்னு."

சின்னவள் கையிலிருந்த தட்டைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "எங்க வீட்டுல இது யாருக்கும் ஒரு பொருட்டே இல்லக்கா. இவரு, இதுக்குச் சம்பளம் கூடுமான்னு கேப்பாரு. எங்க அம்மாவும் அதத்தான் கேப்பாங்க. உங்க ஒருத்தருக்குத்தான் நிஜமாவே சந்தோஷம்னு நெனச்சேன். வாசல்ல நீங்க நிக்கிறதப் பாக்கத்தான் வருஷா வருஷம் போட்டேன்."

அவள் முகத்தில் இப்போது ஈயாடவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று பெரியவள் இத்தனை காலம் தவம் கிடந்தாளோ அது ஒரு கை தூரத்தில், நல்ல வெளிச்சத்தில் இருந்தது. ஒரு நொடிக்கு மேல் அவளால் அதைப் பார்க்க முடியவில்லை.

"ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க? கேக் வெட்ட வேண்டாமா?" என்று கூடத்திலிருந்து கொழுந்தன் கூப்பிட்டான்.

"இதோ வரோம்," என்று சின்னவள் பதில் கொடுத்தாள். நல்ல உற்சாகமான குரல். அதில் சந்தோஷம் ஒரு துளியும் இல்லை என்பது அந்த வீட்டில் பெரியவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.