சுமதி கேட்ட கேள்வி

அண்ணன் வீரமுத்து திருச்சி சிறைக்குப் போய் ஒன்றரை வருடமாகியும் இலக்கியா ஒரு தடவைகூட மனு போட்டுப் பார்க்கப் போகவில்லை. குடித்துவிட்டுச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி, ஆலத்தியூர் சாலையில் மொபெட்டில் வந்த சாமிதுரையை அடித்துக் கொன்றவன் அவன். குடித்ததைக்கூட அவள் ஒருவாறு பொறுத்திருப்பாள். அடிபட்ட மனுஷனை ரோட்டில் போட்டுவிட்டு ஓடினான் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பெற்றவர்கள் இல்லை, போவதென்றால் அவள் ஒருத்திதான் போக வேண்டும். மாதாமாதம் நினைப்பாள். சாமிதுரையின் மனைவி சுமதியின் முகம் ஞாபகத்துக்கு வரும். விட்டுவிடுவாள்.

அந்தச் சுமதியே ஒரு நாள் அரியலூரில் இலக்கியா வேலை பார்க்கும் இ-சேவை மையத்துக்கு வந்தாள். ஏதோ சான்றிதழுக்கு என்று நினைத்து இலக்கியா தலை தூக்காமலே ஆதார் அட்டை கேட்டாள். சுமதி பெஞ்சில் போய் உட்கார்ந்து, கூட்டம் குறைந்த பிறகு எழுந்து வந்தாள். அப்போதுதான் இலக்கியா அவள் முகத்தைப் பார்த்தாள்.

“உங்க அண்ணன நான் பாக்கணும். சொந்தக்காரங்க கூட வந்தாதான் உள்ள விடுவாங்கன்னு சொல்றாங்க. நீ வரியா?”

திட்டத்தான் போகிறாள் என்று இலக்கியாவுக்குத் தோன்றியது. திட்டட்டும், அவளைவிட யாருக்கு அந்த உரிமை இருக்கிறது என்றும் தோன்றியது. இத்தனை மாதம் முடிவெடுக்க முடியாதவள் அந்த நிமிடமே தலையாட்டிவிட்டாள்.

புதன்கிழமை திருச்சி பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். கீழப்பழுவூர் தாண்டியதும் சுமதி பொட்டலத்தைப் பிரித்து இரண்டு இட்லியை அவளிடம் நீட்டினாள். இலக்கியா வாங்கிச் சாப்பிட்டாள்.

சிறையில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வீரமுத்து வந்தான். தங்கையைக் கண்டதும் முகம் மலர்ந்தவன், பக்கத்தில் நிற்பது யாரென்று தெரிந்ததும் கைகளைக் கூப்பியபடி அப்படியே நின்றுவிட்டான். சுற்றிலும் எல்லாரும் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுமதி குரலை உயர்த்தவில்லை.

“அவரு கடைசியா ஏதாச்சும் சொன்னாரா? அங்க இருந்தது நீங்க ஒருத்தருதான். வேற யார கேப்பேன்?”

வீரமுத்து கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். சாமிதுரையின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டானாம். வீட்டுக்குப் போன் பண்ணவா என்று கேட்டதற்கு, வேண்டாம், அவள் பயந்துவிடுவாள், நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்றாராம். தண்ணீர் கேட்டாராம். அவனே கூப்பிட்ட ஆம்புலன்ஸின் சத்தம் கேட்டதும் பயத்தில் ஓடிவிட்டதையும் அவன் மறைக்கவில்லை.

“தண்ணி குடிச்சாரா?”

“குடிச்சாரும்மா. ரெண்டு மடக்கு.”

சுமதி கண்ணை மூடித் திறந்தாள். அந்த வெயிலில் நாக்கு வறண்டு கிடந்திருப்பாரே என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாளாம். மீதி நேரம் நீ பேசு என்று இலக்கியாவின் முதுகில் கை வைத்துவிட்டு வெளியே நடந்தாள். மெலிந்து, குள்ளமாக, நைந்த சேலையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகும் அவளையே இலக்கியா பார்த்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரத்தை முதன்முதலாக அண்ணாந்து பார்த்த அன்றுகூட அவளுக்கு இப்படி மூச்சு நின்றதில்லை.

அண்ணன்மேல் இருந்த கோபம் போய்விடவில்லை. இருந்தாலும் சாப்பாடு எப்படி என்று கேட்டாள். அடுத்த மாதம் வருகிறேன் என்றாள். அவன் அழுதுகொண்டே தலையாட்டினான்.

வெளியே சுவரில் சாய்ந்தபடி சுமதி தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கினாள். அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எழுப்ப மனம் வராமல், வெயில் முகத்தில் படாதபடி மறைத்துக்கொண்டு இலக்கியா பக்கத்தில் உட்கார்ந்தாள்.