பொறுப்பல்ல

விடிந்தும் விடியாத வேளையில் அச்சகக் கதவைத் திறந்ததுமே மண்ணெண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. அக்கா எழுத்துப் பெட்டியின் முன் நின்று ஈய எழுத்துகளைக் கோக்கத் தொடங்கினாள். விரல் ஓடியது, மனம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தது. நேற்று, காகிதம் கொடுக்கும்போது அவள் தங்கையின் வலது கை இயந்திரத்தில் நசுங்கிவிட்டது. தடுப்புக் கம்பி இருந்திருந்தால் தப்பியிருக்கும். வேகம் குறைகிறதென்று அதைக் கழற்றவைத்தவர் முதலாளி.

அவரே இப்போது வந்து நின்றார்.

"ஏம்மா, அவசரமா ஒரு நோட்டீஸ். 'வேலையில் ஏற்படும் காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' வாசல்ல ஒட்டணும்."

"எந்த எழுத்துல?"

"தடிச்ச சாய்வெழுத்துலதான். கண்ணுல குத்தணும்."

முன்னால் பாய்கிறவனைப் போலச் சாய்ந்த எழுத்து அது. வளைவில் பருத்து, திரும்புமிடத்தில் மயிரிழையாய் மெலிந்து, கோடு முடியும் நுனிதோறும் சின்னக் குதிகால் வைத்திருக்கும். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு அதுதான். தள்ளுபடி விளம்பரத்தில் கூவுவதும் அதுதான். நேரெழுத்து சொல்லும், இது சட்டையைப் பிடித்து இழுத்துச் சொல்லும்.

'நிர்வாகம்' வரை கோத்தாள். அதற்கு மேல் கை எழவில்லை.

"என்னம்மா, எழுத்து இல்லையா?" என்றார், அச்சு மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த மெஷின்காரர்.

"எழுத்து இருக்குண்ணே. மனசுதான் இல்ல."

அவர் குனிந்து அந்த வரியைப் படித்தார். மெஷினுக்கும் சன்னலுக்குமாக நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். பிறகு சட்டென்று மெஷினை நிறுத்தினார்.

உள்ளறையிலிருந்து முதலாளி ஓடிவந்தார். "சத்தம் ஏன் நின்னுச்சு?"

"கம்பியை மாட்டுங்க. இவ தங்கச்சி வைத்தியத்தைப் பாருங்க. அப்புறம் ஓடும்."

"வெளியே வேலைக்கு நூறு பேர் காத்திருக்கான், தெரியுமில்ல?"

பசை ஒட்டிய கையோடு பைண்டிங் பெரியம்மா வந்தாள். "வரட்டுமே. கம்பி எங்கேன்னு அவங்களும்தான் கேப்பாங்க."

"மத்தியானத்துக்குள்ள மெஷின் ஓடலேன்னா ஒருத்தருக்கும் வேலை கிடையாது!" அவர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

வீட்டில் தங்கையின் கைக்குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருக்கும். ஆனாலும் அக்கா, கோத்த வரியைக் கலைத்தாள். அதே பெட்டியிலிருந்து வேறு எழுத்துகளை எடுத்தாள். சாய்வெழுத்தை அளவுக்கு மீறி இறுக்கினால் வெளியே நீண்ட நுனி ஒடிந்துவிடும். பார்த்துப் பார்த்துக் கோத்தாள். மெஷின்காரர் மை தடவினார். பெரியம்மா தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுத்தாள்.

'தடுப்புக் கம்பி இல்லாமல் இயந்திரம் ஓடாது.'

ஈரம் காயும் முன்னே அதை வாசலில் ஒட்டிவிட்டு மூவரும் படியில் உட்கார்ந்தார்கள். என்ன ஆகுமென்று யாருக்கும் தெரியவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அட்டைப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள் நின்று படித்தார்கள்.

ஒருத்தி மட்டும் நகரவில்லை. "எங்க மெஷின்லயும் கம்பி இல்லக்கா" என்றாள்.

அக்கா ஒதுங்கி, அவளுக்குப் படியில் இடம் விட்டாள்.