எஃபியின் சுழி

மே மாதம், குளிர்காலம் முழுக்க ஆற்றின் மேல் உறைந்து கிடந்த பனிக்கட்டி உடைந்தபோது, முள்ளம்பன்றி ஆறு டோர்காசுக்குத் துரோகம் செய்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வது? அவள் குடும்பம் காலங்காலமாக மீன்பிடிக் கூடாரம் போட்ட வளைவில் பனிப்பாளங்கள் வந்து அடைத்துக்கொண்டன. ஆறு கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது. அப்புறம் வளைவின் கழுத்தை அறுத்துக்கொண்டு நேராகப் பாய்ந்து போய்விட்டது. வளைவு ஓட்டமில்லாத குட்டையாயிற்று. அதோடு டோர்காசின் சுழியும் போயிற்று.

சுழி என்றால் ஆளை விழுங்குகிற சுழி அல்ல. ஆறு கீழே ஓட, கரையோரத் தண்ணீர் மட்டும் மெல்ல மேலே திரும்பி வரும் இடம். எதிர்நீச்சல் போட்டுக் களைத்த சால்மன் மீன் அங்கேதான் மூச்சு வாங்கும், வலையும் அங்கேதான் நிற்கும். சுழி யாருடையதோ அவளிடம் கேட்டுத்தான் மற்றவர்கள் வலை போட வேண்டும். டோர்காசிடம் ஊரே கேட்டிருக்கிறது. டோர்காஸ் யாரிடமும் கேட்டதில்லை.

இப்போது சுழி யாருக்குப் போயிற்று தெரியுமா? தங்கை எஃபிக்கு. ஒழுங்காக ஒரு முடிச்சுப் போடத் தெரியாத எஃபிக்கு. வேரோடு பெயர்ந்து வந்த ஒரு பெரிய ஸ்புரூஸ் மரத்தை ஆறு அவள் கரை முனையில் கொண்டுபோய்ச் செருகியது. அந்த மரத்துக்குப் பின்னால் அகலமாய், ஆழமாய் ஒரு சுழி உண்டாயிற்று. இதற்காக எஃபி ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை.

கோடை முழுக்க எஃபியின் படகு மீன் பாரத்தில் தாழ்ந்து தாழ்ந்து போனது. அவள் பரணில் சிவப்புச் சிவப்பாய் மீன் காய்ந்தது. டோர்காசின் பரணில் காற்று காய்ந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

எஃபியாவது சும்மா இருந்தாளா? வாரம் தவறாமல் வந்து நின்றாள்.

"அக்கா, உன் வலையைக் கொண்டாந்து என் சுழியில போடேன். எடம் நெறைய கெடக்கு. நாய்ங்க பாவம் இல்ல?"

"என் நாய்க்குத் தீனி போட எனக்குத் தெரியும்டி."

"எங்க, இந்தக் குட்டையிலயா? தவளைகூட இங்க வர யோசிக்கும்."

அவள் போனதும் டோர்காசின் புருஷன் லாசரஸ் ஆரம்பிப்பான். "ஒரு வார்த்தை சரின்னு சொன்னா வாய் தேஞ்சா போயிடும்? குளிர் வந்தா பனியில வண்டி இழுக்கிற நாய்ங்களுக்கு என்னத்தைப் போடுவே, உன் கௌரவத்தையா?"

"நீங்க வேணா போய் அவ கால்ல விழுங்க."

"சுழி பொம்பளைங்க விவகாரம். நான் போனா ஊரே சிரிக்கும்."

செப்டம்பரில் ஆறு வற்றியது. கரையோரம் கண்ணாடிபோல் பனி கட்டத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நாளில் பனிக்கூழ் மிதந்து வரும், எல்லோரும் வலையை எடுத்துவிட வேண்டும். அதற்குள் கடைசி சால்மன் கூட்டம் வந்தாக வேண்டும். அதை விட்டால் டோர்காசின் நாய்களுக்குக் குளிர்காலம் முழுக்கப் பட்டினிதான்.

எஃபி பெட்ரோல் வாங்க ஊருக்குப் போன அன்று மத்தியானம், டோர்காஸ் ரம்பத்தை எடுத்துக்கொண்டு படகில் இறங்கினாள். அந்த மரம் எதனால் நிற்கிறது என்று அவளுக்கு எப்போதோ தெரியும். சரளைக்குள் குத்தி நின்ற ஒரே ஒரு கிளை. அதை அறுத்தால் மரம் போகும், மரம் போனால் சுழி போகும். எனக்கில்லாதது உனக்கெதற்கு? நியாயமா என்று கேட்காதீர்கள். வயிறெரிகிறவளிடம் நியாயம் பேசி யாரும் ஜெயித்ததில்லை.

ஆனால் சுழியில் எஃபியின் வலை கிடந்தது. மரம் உருண்டால் வலை நாராய்க் கிழியும். வலை கிழிவதைப் பார்த்துக்கொண்டிருக்க டோர்காசின் கைக்குத் தெரியாது. முதலில் வலையை இழுத்துக் கரையில் ஒழுங்காக மடித்துப் போட்டாள். மீன்களைக் கழற்றி அடுக்கி, காக்கை கொத்தாமலிருக்க மேலே தழை போட்டாள். தனக்கென்று ஒன்றையும் எடுக்கவில்லை. பிறகுதான் கிளையில் ரம்பத்தை வைத்தாள்.

மரம் முனகியது, புரண்டது, போயே போய்விட்டது. சுழி கரைந்து தண்ணீர் ஒரே சீராகக் கீழே ஓடியது. டோர்காசுக்குச் சிரிப்பு வந்தது, வாய்விட்டே சிரித்தாள்.

சிரித்து முடிப்பதற்குள் மரம் கீழே ஒரு மணல்திட்டில் தட்டிக் குறுக்கே படுத்துக்கொண்டது. எஃபியின் மீன்பரணுக்கு நேர் எதிரே. அதன் பின்னால் தண்ணீர் தயங்கியது, திரும்பியது, மெல்ல மேலே வரத் தொடங்கியது. பழையதைவிடப் பெரிய சுழி. இனி எஃபி படகில்கூட ஏற வேண்டாம், வாசலில் நின்றே வலை போடலாம். டோர்காஸ் ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆத்திரத்தில் அழுதாள்.

மறுநாள், புதுச் சுழியில் வலையைப் போட்டுவிட்டு எஃபி வந்தாள். படகிலிருந்து இறங்கவில்லை.

"அக்கா, ஆத்துக்கு வலை மடிக்கத் தெரியுமா?"

டோர்காஸ் காலிப் பரணைத் துடைக்கத் தொடங்கினாள்.

"மிதவையெல்லாம் ஒரு பக்கம், ஈயக்குண்டெல்லாம் ஒரு பக்கம். மீனுக்குத் தழைப் போர்வை வேற. ரொம்ப நல்ல ஆறுக்கா நம்ம ஆறு."

"நான்தான். இப்ப என்னங்கறே?"

"ஏன்க்கா? நீ கேக்கக்கூட வேணாம்னு நானாத்தானே வந்து வந்து கொடுத்தேன்?"

"அதான்டி!" டோர்காஸ் கத்திவிட்டாள். "நீ கொடுத்தே! நான் அத்தனை வருஷம் ஊருக்கு அளந்து அளந்து கொடுத்ததை, நீ கையில கெடைச்ச உடனே தூக்கிக் கொடுக்கறே. உன் மூஞ்சியில ஒரு வருத்தம்கூட இல்ல. அது எப்படிடி உன்னால முடியுது? சுழி போனதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். இது பொறுக்கல."

எஃபியின் முகம் மெல்ல இறுகியது. அந்த முகத்தில் டோர்காஸ் இதுவரை பார்க்காத ஒன்று வந்து உட்கார்ந்தது.

"சரி, இனிமே கெடையாது. அது என் சுழி. நீ கேட்டாத்தான் யோசிப்பேன். கேட்டாலும் கொடுப்பேன்னு நெனைக்காதே."

டோர்காசுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினது போலிருந்தது. இல்லை என்று சொல்லத் தெரிந்தவளிடம் கேட்கலாம்.

"என் நாய்ங்களுக்கு மீன் இல்லடி," என்றாள். "வலை போட்டுக்கட்டுமா?"

எஃபி துடுப்பால் கரையைத் தள்ளினாள்.

"நாளைக்குச் சொல்றேன்."

டோர்காஸ் தன் வலையை எடுத்துவந்து கரையில் விரித்து, கண்ணி கண்ணியாகப் பார்த்தாள். கீழே புதுச் சுழியில் எஃபியின் மிதவைகள் முங்கத் தொடங்கியிருந்தன. கடைசி சால்மன் வந்துவிட்டது. ஒவ்வொரு மிதவை முங்கும்போதும் அவள் வயிறு எரிந்தது.